பாட்டுக்காக எடுத்த அப்டேட்

என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் குழாய்களில் வெடிமருந்து செலுத்தியவர். அங்கே செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், பாட்டு என்ற பேச்சே கிடையாது. திருத்தங்கலில் நாங்கள் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்யும் கடை போட்டபோது, மேசை வாங்கும் முன்பே ஸ்பீக்கர் வாங்கிய மனுஷர். நாள் முழுக்கப் பாட்டுதான். எனக்குத் தலைவலிதான்.

தீபாவளி சீசன் நேரத்தில், கம்ப்யூட்டர் பார்க்க வரும் சாத்தூர்க்காரர் ஓர் அப்டேட் போட்டார். "சத்தம் வர வைக்கிற டிரைவர் சாப்ட்வேர்ல வெளியாளு நுழையுற ஓட்டை இருக்கு அண்ணாச்சி. அடைச்சிருக்கேன், எடுத்துராதீக" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் பஸ் ஏறுவதற்குள் பாட்டு கரகரவென்று இழுக்க ஆரம்பித்தது. இவர் பொறுப்பாரா? பழைய டிரைவரையே திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அவர் அம்புட்டு சொன்னாரே" என்று கத்தினேன்.

"பாட்டுக்குள்ள என்னத்த வந்துரப் போகுது?"

செவிடன் காதில் ஊதிய சங்கு.

பிறகு ஒருநாள், ஆர்டர் என்று வந்த மெயிலைத் திறந்தார். மறுநாள் காலை ஒரு லேபிள் ஃபைலும் திறக்கவில்லை. காப்பி எடுத்து வைத்த டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டரில் செருகியே கிடந்ததால் அதுவும் போனது. சீசன் வேலை அத்தனையும் பாழ்.

சாத்தூர்க்காரர் வந்து பார்த்துவிட்டு இவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "குழாய் கொள்ற அளவு பாக்காம மருந்தக் கொட்டுனா பக்கத்துல சிந்தும்லா? அந்த டிரைவரும் வர்ற டேட்டாவ அளவு பாக்காம மெமரில கொட்டிருக்கு. சிந்துனத வச்சே மெயில்ல வந்தவன் முழுக் கம்ப்யூட்டரையும் பிடிச்சுப் பூட்டிட்டான்."

கம்பெனியில் ஒரு சிட்டிகை மருந்து கூடினாலும் பக்கத்து ஆளிடம் சண்டைக்குப் போனவர் இவர். "அளவு பாக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

நானாவது வாயை மூடியிருக்கலாம். "பாட்டு கேட்டீகள்ல, அனுபவிங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

பாதி ஆர்டர் வேறு கடைக்குப் போனது. மீதியை இருவரும் முதலிலிருந்து செய்து கொடுத்தோம். சரிசெய்த டிரைவர் வந்தது, சத்தம் சுத்தமாகக் கேட்டது. ஆனால் இவர் ஸ்பீக்கரைப் பழைய துண்டில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

போன வாரம் அதை நானே இறக்கித் துடைத்து, அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிறுத்தும்மா. கம்பெனில பாட்டில்லாம இருந்த பழக்கந்தான். இருந்துக்கிடுவேன்."

நிறுத்திவிட்டேன்.