துரை கூவாத வாரம்

வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத பெண் என்று ஊரிகம் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் முழுக்க எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. அம்மா குடத்தைக் காட்டினால் எனக்குக் கால் வலிக்கும். துடைப்பத்தைக் காட்டினால் வயிறு வலிக்கும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் போய் எதைக் கேட்டாலும் "சரி கண்ணு, சரி கண்ணு" என்று தலையை ஆட்டிவிடுவார். அப்படி ஓர் அப்பா லயனில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

சேவலும் அப்படி வந்ததுதான். முட்டைக்கு ஆகுமென்று பெட்டைக்கோழி வாங்கிவரச் சொல்லி அம்மா எங்களைப் பங்காருபேட்டைச் சந்தைக்கு அனுப்பினாள். நான் செக்கச்செவேலென்ற ஒரு கொண்டையைக் காட்டினேன், நைனா தலையாட்டினார். வாசலில் அது நெஞ்சை நிமிர்த்தி நடந்த நடை சுரங்கத்து வெள்ளைக்காரர்களை அப்படியே உரித்து வைத்திருந்தது. துரை என்று பெயர் வைத்தேன்.

துரைக்கு நேரம் காலம் கிடையாது. நைனாவுக்கோ அந்த வாரம் ராத்திரி ஷிஃப்ட். மின்சாரம் வராத காலம் அது. ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் இறங்கி மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாறைக்கு வெடி வைப்பது அவர் வேலை. விடிந்து வந்து களியைத் தின்றுவிட்டுப் படுப்பார். மூங்கில் தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் துரை தொண்டையைத் திறக்கும். முதல் நாளே அம்மா அரிவாள்மணையைக் காட்டிச் சொன்னாள்.

"தூக்கமில்லாம கீழ எறங்கினா கை தவறிப்பூடும்டி. உன் ஆசைக்கு அவுரு உசுரா? இந்த வாரம் முடியறதுக்குள்ள இது கூவி அவுரு முழிச்சிக்கினாருன்னா, ஞாயித்துக்கெழம கொழம்புதான்."

முறையிடலாம் என்றால் நைனா தூக்கத்தில் இருந்தார். நானே காரியத்தில் இறங்கினேன்.

துரையின் மேல் கூடையைக் கவிழ்த்துக் கோணியைப் போர்த்தினேன். நைனா பகலை ராத்திரியாக்கிக்கொள்ளும்போது இதற்கு மட்டும் என்ன கேடு? இருட்டில் அடங்கிப்போனது. ஆனால் லயனில் எங்கே சத்தம் கேட்டாலும் கூடைக்குள்ளிருந்து பதில் கொடுக்கப் பார்த்தது. ஆகவே லயனையே அடக்க வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அத்தை கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தாள். எந்திரக்கல் கடகடவென்றது. சாயங்காலம் அரைக்கக் கூடாதா என்று கெஞ்சினேன்.

"ஏமே, சாயங்காலம் அரைச்சா தண்ணிக்கு எவ போவா?"

"நான் போறேன் அத்தை."

அவள் கல்லை அப்படியே நிறுத்திவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அவளுக்குத் தண்ணீர் தூக்கினேன். எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீறிடாமல் இடுப்பில் சுமந்தேன். கீரைக்காரி கூவி விற்காமல் இருக்க, அவள் கூடையை நானே வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போனேன். இத்தனையையும் அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"ஊரு வேலையெல்லாம் செய்யிற. நம்ம வூட்டுப் பானை உனக்கு இன்னாடி பாவம் பண்ணிச்சி?"

வெட்கமாகத்தான் இருந்தது. அதையும் நிரப்பினேன். வீட்டில் தேய்த்தால் சத்தம் வரும் என்று பாத்திரங்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்தேன். எனக்குக் கால் வலிப்பதை யாரும் கேட்கவில்லை; உண்மையில் வலிக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் குடத்தோடு திரும்பியபோது கூடை புரண்டு கிடந்தது. குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். நைனாவின் தலைமாட்டில், அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி, துரை நின்றிருந்தது. வாரம் முழுக்க அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்துக் கூவியது. எதிர்வீட்டுக் குழந்தை அலறி எழுந்தது. நைனா அசையவில்லை. மார்பு ஏறி இறங்க நிம்மதியாகத் தூங்கினார்.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். துரை மறுபடியும் கூவியது. அவள் குனிந்து, நைனாவின் காதருகே முதலில் மெதுவாகவும் பிறகு உரக்கவும், "இன்னாங்க, இன்னாங்க" என்று கூப்பிட்டாள். அவர் புரளவும் இல்லை.

"முழிக்கல! நைனா முழிக்கல! நான் ஜெயிச்சிட்டேன்!" என்று குதித்தேன்.

"ஜெயிச்சிட்ட கண்ணு," என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமலே. "இனிமே அது எவ்ளோ வேணும்னாலும் கூவட்டும், வுடு."

துரையைத் தோளில் ஏற்றிக்கொண்டு லயன் முழுக்க ஊர்வலம் போனேன். எங்கள் நைனா தூக்கத்தைக் கலைக்க இந்த உலகத்தில் ஆளில்லை என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். அத்தை எந்திரக்கல்லைக் கடகடவென்று சுற்றி எனக்கு மேளம் கொட்டினாள். பின்னால் எனக்குக் கல்யாணம் நடந்தபோதுகூட அப்படி ஒரு பெருமையில் நான் நடந்ததில்லை.

வெடிச்சத்தம் நைனாவின் காதுகளை எப்போதோ கொண்டுபோயிருந்தது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று அதை அவர் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அம்மாவுக்கு அன்று காலையில்தான் தெரிந்தது. எனக்கு அது புரிய இன்னும் பல வருஷங்கள் ஆக வேண்டியிருந்தது. ஊர்வலம் முடிந்து வந்தபோது அவள் தூங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கோழிக்குழம்பு கைநழுவிப் போன துக்கம் என்று நினைத்து, "அழாதம்மா, அடுத்த தடவை பெட்டையா வாங்கியாறேன்" என்று அவளைத் தேற்றினேன்.