குளிரை வாசலில் நிறுத்திய புவனா அக்கா

செய்தி வந்தபோது நான் வேலையிடத்துச் சாப்பாட்டறையில் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். தொலைபேசியில் அடுத்த வீட்டுத் துளசி, புவனா அக்காவின் மகள். "ஜெயந்தி அன்ரி, அம்மா போயிட்டா. காலமை எழும்பேல்ல" என்றாள். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, அவளுக்கும் எனக்கும். முதல் நாள் மாலைதான் வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றவர் என் வீட்டை அண்ணாந்து பார்த்து, "ஏனடி மேல் ஜன்னலைச் சரிச்சு விட்டிருக்கிறாய்? பூட்டு!" என்று ஏசினார். அப்படி ஏசிய மனிதர் மறுநாள் இல்லை என்றால் யார் நம்புவது? நான் நம்பவில்லை. பிறகு கோபம் வந்தது. அது இன்னும் ஆறவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று துளசி கேட்டாள். இத்தகைய மலர்களில் "அமைதியின் உருவம், பொறுமையின் சிகரம்" என்று எழுதுவது எங்கள் வழக்கம். நான் எழுத மாட்டேன். திருமதி புவனேஸ்வரி சிவநாதன் அவர்கள் அமைதியானவருமல்லர், பொறுமையானவருமல்லர். சுவிஸ் நாட்டின் லாங்கன்தால் நகரில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். மிச்ச நேரமெல்லாம் குளிரோடு சண்டை பிடித்தார். அந்தச் சண்டையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

சண்டை அகதி விடுதியில் தொடங்கியது. அவர் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் தங்கியிருந்த அறையில் சூடாக்கி இருந்தது, அதைத் திருப்பும் குமிழ் இல்லை. குமிழ் விடுதிப் பொறுப்பாளரின் சட்டைப்பையில் இருந்தது. குளிர்கிறது என்று கதவைத் தட்டினால், இன்னும் குளிர்காலம் தொடங்கவில்லை என்பாராம் அந்த மனிதர், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே. இந்தக் கதையை அக்கா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில்தான் முடிப்பார்: "அண்டைக்கு நினைச்சனான், சூட்டுக்கு இனி ஒருத்தன்ர கதவும் தட்டமாட்டன் எண்டு."

பல ஆண்டுகள் அக்காவும் கணவர் சிவநாதன் அண்ணையும் உழைத்து, எங்கள் தெருவில் ஒரு வரிசை வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். ஒட்டி ஒட்டி ஆறு வீடுகள். ஆறுக்கும் நிலக்கீழறையில் ஒரே எண்ணெய்க் கொதிகலன். தரைக்கு அடியில் ஓடும் குழாய்களில் சுடுநீர் அனுப்பி அது எல்லோரையும் சூடாக்கியது. இந்த ஆறில் தமிழர் வீடு இரண்டு, அவருடையதும் என்னுடையதும்.

வந்த புதிதில், நகரிலிருந்த எங்கள் ஆட்களுடைய வீடுகளில் அக்காவுக்குப் பயந்தே இருந்தார்கள். பொரியல் மணம் போகட்டும் என்று நாங்கள் குளிர்காலம் முழுக்க ஜன்னலைச் சரித்து, பாதி திறந்தபடி வைப்போம். குளிர்கிறதே என்று சூடாக்கியை முழுமூச்சில் திருகுவோம். அதற்கு முன்னால் பெரிய சோபாவையும் போட்டு மறைப்போம். அக்கா படியேறி வந்தால் சப்பாத்தைக் கழற்றுமுன்பே தொடங்கிவிடுவார். "நீங்கள் வீட்டைச் சூடாக்கிறியளோ, லாங்கன்தாலைச் சூடாக்கிறியளோ?" சோபாவைத் தள்ளி வைக்கச் சொல்லுவார். ஜன்னலை அகலத் திறந்து, சற்று நேரத்தில் மணம் போனதும் அறைந்து பூட்டுவார். கதவுக்கீழ் நீக்கலுக்குப் பழைய சேலையைச் சுருட்டி வைப்பார். தேநீர் அதற்குப் பிறகுதான்.

கொதிகலனுக்கு வயதாகி, புதிது போட வேண்டிய காலம் வந்தது. ஆறு வீட்டாரும் கூடினோம். மூலை வீட்டு ஹெர் ஹூபர் புது எண்ணெய்க் கொதிகலனே போதும் என்றார். நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் பிடிதான். புவனா அக்கா எழுந்து வெப்பப் பம்பி வேண்டும் என்றார். வெளிக்காற்றில் கிடக்கும் சொற்பச் சூட்டைத் திரட்டி வீட்டுக்குள் தள்ளும் இயந்திரம் அது. பனிக்காற்றில் எங்கே சூடு என்று ஹூபர் சிரித்தார். அக்காவின் டொச்சில், அதாவது ஜெர்மனில், இலக்கணம் இராது, தயக்கமும் இராது. குளிர்சாதனப் பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்ததில்லையா, உள்ளே குளிர்ந்திருக்கும் பாலில் இருந்துதானே அந்தச் சூடு வருகிறது என்று கேட்டார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று வீடு திரும்பும்போது நான் கேட்டேன். நடையை நிறுத்தாமலே சொன்னார்.

"ஊரில மண்ணெண்ணெய்க்குத் தடை போட்டாங்கள். போத்திலோட வரிசையில நிண்ட ஆள் நான். இஞ்சயும் ஆற்றயோ கப்பல் வருமோ வராதோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறதோ? காத்துக்கு ஆரடி தடை போடுறது?"

கடைசியில் அரைமனதாக ஓர் உடன்பாடு வந்தது. கூரையடியில் குளிர்காப்புப் போடுவது, பம்பியைப் பொருத்துவது, ஆனால் ஒரு குளிர்காலம் முடியும்வரை எண்ணெய்த் தொட்டியை அகற்றாமல் வைத்திருப்பது. ஏதாவது ஒரு வீடு குளிர்ந்தாலும் எண்ணெய் திரும்பி வரும். அக்கா சம்மதித்தார். தன் வாக்கையே பணயம் வைத்தாகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஐந்து வீடுகள் சூடாக இருந்தன. குளிர்ந்தது ஒரே வீடு. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

அக்கா மூச்சுவிடவில்லை. வீட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, யாராவது மணி அடித்தால் மேல் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தார். சிவநாதன் அண்ணை மேலங்கியோடு சோபாவில் இருப்பார். "என்ன அண்ணை, எங்கயோ வெளிக்கிடுறியளோ?" என்று கேட்டேன். "ஓம் பிள்ளை, மார்கழி முடியட்டும் எண்டு வெளிக்கிட்டுக்கொண்டு இருக்கிறன்" என்றார். அக்கா அவரை முறைத்த முறைப்பில் அந்த அறை கொஞ்சம் சூடாகியிருக்கும். கம்பனிக்காரரைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். கூப்பிட்டால் வண்டி வாசலில் நிற்கும், ஹூபர் பார்ப்பார், கூப்பிட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அறையின் சூட்டை அளந்து தரைச் சுடுநீரைத் திறந்து மூடும் சுவர் வெப்பமானியின் சக்கரத்தைக் கடைசிவரை திருகியும் தரை கல்லாகவே கிடந்தது.

தை மாதத்தில் ஊரில் அண்ணையின் பெரியப்பா காலமானார். சாவுத் தீட்டான துடக்கு என்று சுவாமிப் படத்தட்டின் திரையை இழுத்து மூடினார்கள். விளக்கேற்றவில்லை. மறுநாள் காலையில் அக்கா என் கதவை இடித்தார். திறந்தால் காலில் காலுறை இல்லை.

"வந்து பார். தரை சுடுது!"

நாங்கள் மூவரும் அந்தச் சுவரடியில் நின்று பார்த்தோம். முன்பு ஜன்னலோரம் இருந்த சுவாமித் தட்டை, காற்று விளக்கை அணைக்கிறது என்று அக்காதான் உட்சுவருக்கு மாற்றியிருந்தார். வெயிலும் காற்றும் படாத இடமென்று பொருத்துனரும் வெப்பமானிக்கு அதே சுவரைத்தான் தேர்ந்திருந்தார். பிள்ளையாருக்கு முன்னால் ஏற்றிய விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரியும். அதன் சூடு நேரே மேலிருந்த வெப்பமானிக்கு. அறை போதுமான அளவு சூடாகிவிட்டது என்று அது நம்பி, நாள் முழுக்கத் தரைக்குச் சுடுநீரை நிறுத்திவைத்திருக்கிறது. அண்ணை மேலங்கியைக் கழற்றிக்கொண்டே, "பெரியப்பா போயும் ஒரு உபகாரம் செய்திட்டார்" என்றார். அக்கா சிரிக்கத் தொடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்.

வசந்தத்தில் மீண்டும் கூடினோம். சிவநாதன் வீட்டில் மேலங்கியோடு இருந்ததைத் தாம் கண்டதாக ஹூபர் எழுந்து சொன்னார். ஒருவரும் அறியாமல் தட்டை இடம் மாற்றியாகிவிட்டது. அக்கா மறுத்திருக்கலாம். நானும் மறுக்கச் சொல்லிக் கையைக் கிள்ளினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். ஆம், என் வீடு குளிர்ந்தது, இயந்திரம் சரி, பிழை என்னுடையது, எங்கள் கடவுளுக்குச் சூடு பிடித்ததால் எங்களுக்குக் குளிர் பிடித்தது என்று எல்லாவற்றையும் சொன்னார். ஹூபர் வாயைப் பிளந்தார். பிறகு மேசையில் அடித்துச் சிரித்தார். எண்ணெய்த் தொட்டியை வெட்டி எடுக்க முதலில் கை தூக்கியவர் அவர்தான். தொட்டி போன நாளன்று வேலையாட்களுக்கு அக்கா வடை சுட்டுக் கொடுத்தார்.

இனி எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். வீடு நிறைய ஆட்கள். வெளியே பனி. அக்காவின் படத்துக்கு மாலை போட்டு முன்னால் விளக்கு வைத்திருந்தார்கள். வீடு குளிர்ந்திருந்தது. பாயில் இருந்தவர்கள் சால்வைகளை இழுத்துப் போர்த்தினார்கள். அட்லிஸ்வில்லில் இருந்து வந்த மச்சாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்த வீட்டின்ர சூடே அவவோட போட்டுது" என்றார். எல்லோரும் தலையாட்டி அழுதார்கள். துளசியும் அழுதாள். சிவநாதன் அண்ணை மேலங்கியோடு சோபாவில் இருந்தார். எங்கும் வெளிக்கிடவில்லை.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. குளிரைத் துன்பமென்று ஒத்துக்கொண்டு போர்த்திக்கொண்டு இருப்பதா, இந்த வீட்டிலா? நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு அதற்கு மேலே பார்த்தேன்.

சுவாமித் தட்டை மாற்றியபோது பழைய ஆணியைப் பிடுங்காமல் விட்டிருந்தார்கள். அந்த ஆணியில்தான் படம். படத்தின் கீழே விளக்கு. படத்துக்குச் சற்று மேலே அந்த வெள்ளை வெப்பமானி.

"எழும்புங்கோ, எல்லாரும் கொஞ்சம் எழும்புங்கோ" என்றேன். மச்சாள் திகைத்தார். எட்டுச் செலவுக்கு வைத்த படத்தை அசைக்கலாமோ என்று யாரோ கேட்டார்கள். நான் விளக்கை இரண்டு கையாலும் தூக்கினேன். துளசி என் முகத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "ஓ மை காட், அம்மா!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்திக்கொண்டு படத்தைக் கழற்றினாள். எதிர்ச் சுவரில், அலுமாரிக்கு மேல், படத்தையும் விளக்கையும் வைத்தோம். விளக்கு அணையவில்லை.

தரைச் சூடு மெல்லத்தான் ஏறும். சோறு பரிமாறி, சாப்பிட்டு, கோப்பை கழுவி முடித்தபோது பாயில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சால்வையை இறக்கினார்கள். பேச்சு உரத்தது. மச்சாள் காலுறையைக் கழற்றினார். அண்ணை எழுந்து, தரையில் வெறுங்காலை வைத்துப் பார்த்தார். பிறகு மேலங்கியைக் கழற்றி, அக்கா எப்போதும் மாட்டும் கொளுவியில் மாட்டினார்.

உங்களோடு ஒரு சூடும் போகவில்லை அக்கா, போக விடவும் மாட்டோம். நீங்கள் போய் வாருங்கள். மேல் ஜன்னலைப் பூட்டிவிட்டேன். குளிர் வாசலிலேயே நிற்கிறது.