ஜெனிற்றா மிஸ்ஸின் பிழைக் கொப்பி

ஜெனிற்றா மிஸ்ஸின் மேசை லாச்சியில் நீல மட்டை போட்ட பெரிய கொப்பி ஒன்று கிடக்கும். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிழைக் கொப்பி. கோடு கீறி நான்கு கட்டங்கள்: என்ன பிழை, யாருடைய பிழை, எப்போது தெரிந்தது, எப்போது சொன்னது. 'எங்கள் பிழை' என்று எழுதிவிட்டுத் தப்ப முடியாது. ஒரு ஆளின் பெயர் வேண்டும், நேரம் வேண்டும்.

எழுதி முடித்ததும் மிஸ் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"தெரிஞ்சதுக்கும் சொன்னதுக்கும் நடுவிலை என்ன செய்தனீர்?"

இதற்கு நிலத்தைப் பார்க்காமல் பதில் சொன்ன பிள்ளை இதுவரை இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொரு வகுப்பும் முதல் நாளில் இந்தக் கொப்பியைச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். வெங்காயம் தரம் பிரிக்கும் இயந்திரத்தை பட்டறைக்குள் வைத்து முழுதாக ஒட்டி முடித்தபிறகுதான் வாசல் சிறிது என்று கண்டுபிடித்தவனின் பெயர் அதில் இருக்கிறது. அவன் இப்போது டுபாயில் நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் இங்கே வருடா வருடம் அவனை வாசித்துச் சிரிக்கிறார்கள், பாவம்.

மிஸ் குருநகர்க்காரி. தகப்பன் கனிசியஸ் கடைசி வரைக்கும் கடலுக்குப் போன மனுசன். மகள் கொழும்புப் பக்கம் போய்ப் பொறியியல் படித்தாள், வன்னியில் பாலம் கட்டுகிற வேலையில் ஐந்து வருடம் நின்றாள். அங்கே ஒரு பொடியன் சீமெந்துக் கலவை பிழைத்ததைத் தெரிந்துகொண்டும் பயத்தில் மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான். மூன்று நாளில் எழும்பிய தூண்களை எல்லாம் உடைக்க வேண்டி வந்தது. கொப்பியின் கடைசி இரண்டு கட்டங்களும் அந்தத் தூண்களிலிருந்து வந்தவைதான். பிறகு கொக்குவிலில் கலியாணம், தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் படிப்பிப்பு. பன்னிரண்டு வருடமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குருநகர்த் தேவாலயத்துக்கு ஆறரைப் பூசைக்குப் போவார். அதை ஒரு கிழமையும் விட்டதில்லை.

அவர் படிப்பிக்கும் பாடத்தில் பரீட்சைத் தாள் கிடையாது. நாலு பேர் சேர்ந்து, கல்லூரிக்கு வெளியே உள்ள ஒரு ஆளுக்கு உண்மையில் தேவையான ஒன்றை நாலு மாதத்தில் செய்துகொடுக்க வேண்டும். கடைசியில் அந்த ஆள் 'இது எனக்கு வேணும்' என்று கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் எதைக் கேட்டாலும் மிஸ் பதில் சொல்லமாட்டார். "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று திருப்பிக் கேட்பார். வீடு பத்தி எரிஞ்சாலும் மிஸ் இதைத்தான் கேட்பா என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

இந்த வருடம் கொடிகாமத்து லக்ஷனின் குழு, குருநகரில் மீன் விற்கிற அருமைநாயகிக்கு ஒரு வண்டில் செய்தது. இறங்குதுறையிலிருந்து சந்தை வரைக்கும் ஐஸோடு மீன்பெட்டியைத் தலையில் சுமந்து அந்த மனுசியின் கழுத்து தேய்ந்துபோயிருந்தது. தர்சிகா வரைந்தாள், பிரணவன் இரும்பை ஒட்டினான், றஞ்சித் சில்லுப் பூட்டினான். காலத் திட்டம் லக்ஷனின் பொறுப்பு. கல்லூரி முற்றத்தில் மணல்மூட்டை ஏற்றி இழுத்துப் பார்த்தபோது வண்டில் சொன்னபடி கேட்டது.

துறையில் வைத்துப் பார்க்கும் பரீட்சார்த்த ஓட்டத்தை முதலில் வெள்ளிக்கிழமை என்றுதான் போட்டிருந்தான். தாய் ஞானாம்பிகை கலண்டரைப் பார்த்துவிட்டு, அட்டமியில் புதுச் சாமான் தொடங்கக்கூடாது என்றாள். சனி நவமி, அதுவும் ஆகாது. தசமியில் வைத்துக்கொள் என்றாள். நடுவர்கள் வருவது திங்கட்கிழமை. ஞாயிறு ஓடிப் பார்த்தால், பிழை ஏதும் இருந்தாலும் திருத்த ஒரு பகல் கிடக்கும். லக்ஷன் திட்டத்தில் திகதியை மாற்றினான். திட்டத்தில் திகதிகள் மட்டும்தான் உண்டு, கிழமை கிடையாது. மிஸ் வேலைகளின் ஒழுங்கைப் பார்த்தார், இடையில் விட்ட நாட்களை எண்ணினார், கையெழுத்து வைத்தார்.

ஞாயிறு விடிய, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் வண்டிலை ஏற்றிக்கொண்டு நாலு பேரும் துறைக்கு வந்து இறங்கினால், ஒரு ஈ காக்கை இல்லை. வள்ளங்கள் எல்லாம் கட்டிக் கிடந்தன. விடிந்தால் பூசை என்பதால், சனி இரவு குருநகரில் எவனும் கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு மீனும் இல்லை, சந்தையும் இல்லை. கொடிகாமத்துப் பிள்ளைக்கு இது எங்கே தெரியப்போகிறது? அவன் ஊரில் நல்ல நாளும் கெட்ட நாளும் பார்ப்பார்கள், ஆனால் தேங்காய்க்கும் மாம்பழத்துக்கும் ஞாயிறென்று ஒரு வேறுபாடு இல்லை.

நாலு பேரும் வண்டிலைத் தள்ளிக்கொண்டுபோய்த் தேவாலய மதிலோரம் நின்றார்கள். ஆறு இருபதுக்கு மிஸ்ஸின் ஸ்கூட்டி அங்கே வந்து நின்றது.

"மிஸ், நாங்கள் பிழை விட்டிட்டம்," என்றான் லக்ஷன். "உங்களுக்கு முதலே தெரியும் என்ன? நாங்களாக் கண்டுபிடிக்க வேணுமெண்டுதானே விட்டனீங்கள்?"

மிஸ்ஸுக்கு அது தெரியவில்லை. சத்தியமாக அவர் பார்க்கவே இல்லை. கனிசியஸின் மகள், ஞாயிற்றுக்கிழமைக்குக் கையெழுத்து வைத்திருக்கிறாள். பூசைக்கு இரண்டாம் மணி அடித்தது.

"நாளைக்கு விடிய வந்து ஓட்டிப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கள் விடியற்காலை மீன் வந்தது, மிஸ்ஸும் வந்து நின்றார். அருமைநாயகி வண்டிலை இழுத்தாள். நன்றாகத்தான் உருண்டது. ஆனால் ஐஸ் கரைகிற தண்ணி போகும் துளையை இழுக்கிறவரின் பக்கம் வைத்துவிட்டார்கள். மணல்மூட்டையில் தண்ணி ஏது? பாதி வழியிலேயே மனுசியின் சீலை முழங்கால் வரை மீன்தண்ணியில் நனைந்துபோயிற்று. துளையைப் பின்பக்கம் மாற்ற ஒரு பகல் போதும். அந்தப் பகல்தான் நேற்றே போய்விட்டதே.

"வண்டில் நல்லது தம்பி," என்றாள் அருமைநாயகி. "ஆனா இப்ப எனக்கு வேண்டாம்."

பிள்ளைகள் வண்டிலைக் கழுவப் போனபோது மிஸ்ஸின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் பிள்ளை, நீ கனிசியஸின்ரை மகள்தானே? ஞாயிறெண்டு உனக்கும் தெரியேல்லையோ?"

மிஸ் ஸ்கூட்டியின் சாவியைத் தேடுவதுபோல் கைப்பையைக் கிண்டிக்கொண்டு நின்றார்.

பத்து மணிக்கு நடுவர்கள் முன்னால் லக்ஷன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். ஞாயிறு மீன் வருமா என்று அருமைநாயகியிடம் கேட்காதது தன் பிழை என்றான். மிஸ் தங்களைச் சொந்தமாகப் படிக்கவிட்டது பெரிய பாடம் என்றும் சொன்னான். நடுவர்களில் ஒருவரான கல்லூரித் துறைத்தலைவர் சோமசேகரத்துக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது.

"உதுதான் படிப்பிப்பு," என்றார். "வாயிலை ஊட்டக்கூடாது. ஜெனிற்றா தெரிஞ்சும் பேசாமல் இருந்திருக்கிறா, பாருங்கோ. மற்ற ஆக்களும் இதைப் பழகவேணும்."

புகழ்ந்துவிட்டு மனுசன் பேனையை எடுத்தார். திட்டத்துக்கான பதினைந்து புள்ளியும் இல்லை, அருமைநாயகியின் கையெழுத்துக்கான இருபதும் இல்லை. மிச்சத்தைக் கூட்டினால் சித்தியடையப் போதாது. நாலு பேரும் அடுத்த வருடம் முழுப் பாடத்தையும் திரும்பச் செய்ய வேண்டும். தர்சிகா அழவில்லை, கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். லக்ஷன் மிஸ்ஸைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை, மரியாதைதான் இருந்தது. மிஸ்ஸால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

"ஒரு நிமிசம் சேர்," என்று எழும்பினார். தன் அறைக்குப் போய் நீலக் கொப்பியை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க மேசையில் விரித்து எழுதினார். எழுதியதைச் சோமசேகரத்தின் முன்னால் தள்ளிவைத்தார்.

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது சேர். நான் பாக்கேல்லை. பாக்காமல் கையெழுத்து வைச்சனான்."

"இதை எழுதத்தான் வேணுமோ? ஆருக்கும் தெரியாதே."

"எனக்குத் தெரியும்."

சோமசேகரம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு விதியைச் சொன்னார். பார்க்காமல் ஒப்புதல் கொடுத்த திட்டத்தில் பிழையென்றால் அது மேற்பார்வையாளரின் பொறுப்பு. பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை அவகாசம் கொடுக்க வேண்டும், மேற்பார்வையாளரின் சேவைப் பதிவுக் கோவையில் ஒரு கண்டனக் கடிதம் ஏறும். மிஸ் "ஓம்" என்றார்.

நடுவர்கள் போனபின் பிரணவனும் றஞ்சித்தும் துளையிட வண்டிலைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தர்சிகாவும் பின்னால் ஓடினாள். லக்ஷன் மட்டும் கொப்பியடியில் நின்றான். நான்கு கட்டங்களையும் விரல் வைத்து வாசித்தான். பிழை: பரீட்சார்த்த ஓட்டம் ஞாயிற்றுக்கிழமையில். யாருடையது: கனிசியஸ் ஜெனிற்றா. தெரிந்தது: ஞாயிறு காலை 6.20. சொன்னது: திங்கள் 11.40.

விரல் கடைசி இரண்டு கட்டத்துக்கும் நடுவில் நின்றது. அவன் கேட்கவில்லை, கேட்கிற துணிவும் இல்லை. ஆனால் கேள்வி அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் பாடமான கேள்விதானே.

மிஸ் அவனைப் பார்த்தே பதில் சொன்னார்.

"நடுவிலை, நான் நல்ல ரீச்சர் எண்டு நீங்கள் எல்லாரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்தனான்."