துடைத்துவிட்டு உட்கார்ந்தவள்

மேல்வீட்டுப் பெண்ணுக்கு நாளை மறுநாள் கல்லூரி உதவித்தொகைக்கான நேர்காணல். சாயங்காலத்திலிருந்து அறைக்குள் நடந்தபடியே "குட் மார்னிங் சார், குட் மார்னிங் மேடம்" என்று ஒப்பிக்கிறாள். அந்த நடை என் தலைக்கு மேல் கேட்கிறது. அவளுக்கு நேர்காணல், எனக்குக் கைகால் பரபரக்கிறது. டீ போட்டுக் குடிக்காமலே ஆறவைத்துவிட்டு மறுபடி போட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நேர்காணல் என்றாலே அந்துருண்டை வாசனைதான். நான் போட்டுக்கொண்டு போன சுடிதார் என்னுடையதில்லை, ஸ்டெல்லாவுடையது. ஏலாக்குறிச்சிக்காரி, பள்ளியில் என் பெஞ்சு. பண்டிகைக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கும் சுடிதாரைக் கொடுத்ததோடு, நேர்காணல் எடுப்பவராக நடித்து என்னை வறுத்தும் எடுத்தாள். "படிச்சிட்டு ஊருக்குத் திரும்பிப் போவியாம்மா?" என்று குரலைக் கனமாக்கிக் கேட்பாள். "கண்டிப்பா போவேன் சார், ஊருக்குச் சேவை செய்வேன்" என்று நான் சொல்ல வேண்டும். "அப்புடிச் சொன்னாத்தான்டி குடுப்பாங்க" என்பாள்.

உதவித்தொகை கிடைக்காவிட்டால் என்ன என்பதும் தெரிந்தே இருந்தது. ஆலத்தியூர்ப் பக்கம் எங்கள் ஊர், சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவில். அப்பா கல் லாரி ஓட்டினார். எடைமேடையில் சீட்டு எழுத என்னை வைத்துக்கொள்வதாகக் காண்ட்ராக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். ஆயுசுக்கும் லாரி நம்பர் எழுதுவதை நினைத்தாலே ஸ்டெல்லாவை இன்னொரு தடவை கேள்வி கேட்கச் சொல்வேன்.

திருச்சிப் பக்கத்துக் கல்லூரி அது. அப்பாவும் கூட வந்தார். முதலில் வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நூலகம், ஆய்வகம், விடுதி என்று ஒரு அக்கா சொல்லிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சேவை செய்வேன், சேவை செய்வேன் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அப்பா ஒரு வேப்பமரத்தடியில் நின்று, இலையை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார்.

"நெசமாவே பச்சையா இருக்கு பாரு பாப்பா."

எங்கள் ஊரில் மரம் பச்சையாவது மழைக்கு மறுநாள் மட்டும்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாளும் இரண்டு சார்களும். "உக்காரும்மா" என்றார் நடுவிலிருந்த சார். நான் குனிந்து நாற்காலியை ஊதி, துப்பட்டா நுனியால் நன்றாகத் தட்டி, அப்புறம்தான் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். துடைக்காமல் உட்கார்ந்தால் எழும்போது பின்பக்கம் வெள்ளையாகியிருக்கும். வீட்டுக்காரர்களே முதலில் தட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்கள். இங்கே அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, எங்க சேர் அவ்வளவு அழுக்காவா இருக்கு?"

போச்சு, எடைமேடைதான் நமக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒப்பித்ததெல்லாம் பறந்துவிட்டது. சிமெண்ட் தூசியைப் பற்றி, கொடியில் காயும்போதே அழுக்காகும் துணியைப் பற்றி, மூச்சு விடாமல் உளறிக் கொட்டினேன். கேட்டு முடித்த சார், ஸ்டெல்லாவின் கேள்வியையே கேட்டார்.

"படிச்சு முடிச்சதும் ஊருக்குத் திரும்பிப் போவியா?"

"முடியாதுங்க சார்."

"ஏன்?"

"ஊரு இருக்காதுங்க சார். குழி எங்க தெருமுனைக்கு வந்துடுச்சு. நான் முடிக்கிறதுக்குள்ள வூட்டுக்கே வந்துடும்."

வெளியே வந்து சொன்னதும் அப்பாவுக்கு வந்ததே கோபம். "என்ன பேச்சு பேசிட்டு வந்திருக்க? நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?" என்றவர் அரியலூர் வரும்வரை திட்டிக்கொண்டேதான் வந்தார். எனக்கும் உறுத்தியது. நம்பியா சொன்னேன்? ஏதோ படபடப்பில் வந்துவிட்டது.

உதவித்தொகை கிடைத்தது. கடைசிப் பரீட்சை முடிந்து அரியலூரில் இறங்கியபோது அப்பா காத்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் பக்கம் நடந்தார்.

"இந்தப் பக்கம் வா பாப்பா. வூடு இப்ப பெரம்பலூர்ல. பரீட்சை நேரத்துல சொல்ல வேணாம்னு இருந்துட்டோம்."

"நான் அன்னிக்குச் சொன்னது..."

"அன்னிக்கே எனக்குத் தெரியும். அதான் கோவம் வந்துச்சு."

அந்தத் தூசிக்காக நான் ஒருநாளும் அழுததில்லை, அழப்போவதுமில்லை. தெரு இருந்த இடத்தில் இப்போது ஆழமாகத் தண்ணீர் நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு அடியில் வெட்டிய கல்லை ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போன லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் அப்பாதான்.