பீங்கானுக்குப் புளி

நான் பொய் எழுதினேன். நாலே வரி. அது ஒரு பெண்ணின் நம்பிக்கையைச் சுரண்டி எடுத்துவிட்டது. அந்த நாலு வரியை நீங்களும் வாசித்திருக்கக்கூடும்.

யுத்தம் மலாயாவை எட்டியிருந்த சமயம். திருச்சியில் ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். பெண்கள் பக்கம் அச்சேறும் நேரத்தில் அச்சுக் கோப்பவர் வந்து நின்றார்.

"சார், அடியில நாலு வரி குறையுதுங்க. உங்க வீட்டு ரசத்தைப் பத்தியாவது எழுதிக் குடுங்க!"

எழுதினேன். 'பழைய சீனப் பீங்கான் மங்கிவிட்டதா? ஒரு பகல் முழுவதும் புளிக்கரைசலில் ஊறவைத்து, செங்கல் தூளால் அழுத்தித் தேய்க்கவும். புதிதாகிவிடும்.' கீழே 'ஓர் அனுபவசாலி' என்று போட்டேன்.

என்ன அனுபவம்? ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குள் பீங்கான் நுழைந்ததே இல்லை, ஆசாரக் குறைவு. பித்தளைக்குச் செய்வதைப் பீங்கானுக்கு எழுதிவிட்டேன்!

ஆபீஸுக்கு எதிர்வீட்டில் செசிலி டீச்சர் இருந்தார். கணவருக்குப் பினாங்கில் வேலை. ஜப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு கடிதம் இல்லை. சனிக்கிழமைதோறும் டீச்சர் எங்கள் வாசலில் நின்று கேட்பார்: "பினாங்குப் பக்கம் ஏதாவது சேதி உண்டா சார்?"

கடைசியாக ஊருக்கு வந்தபோது கணவர் கொண்டுவந்தது ஒரு பழைய சீனக் கிண்ணம். உள்ளே வர்ணத்தில் தீட்டிய இரண்டு பறவைகள். "குண்டா இருக்கிறது நீ, ஒல்லியா இருக்கிறது நான்" என்று சொல்லிச் சிரித்தாராம்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் அந்தக் கிண்ணத்தோடு வந்தார். பருத்த பறவை வெளிறிக் கிடந்தது. மெலிந்ததைக் காணோம்.

"அவர் வர்றப்ப பளிச்சுனு இருக்கணும்னு, உங்க பேப்பர்ல போட்ட மாதிரிதான் தேய்ச்சேன். என் கைதான் அழுத்திடுச்சு போல... அவரோட பறவை மட்டும் போயிடுச்சு பாருங்க. இது என்னமோ சொல்லுது சார்."

ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. 'சகுனம் ஒன்றுமில்லை, நான் எழுதியதுதான் தப்பு.' சொல்லியிருக்கலாமே! எது தடுத்தது? வேலை போகும் என்ற பயமா? அதுகூட இல்லை. டீச்சரின் முன்னால் ஒன்றும் தெரியாதவனாக நிற்கக் கூசினேன்... அவ்வளவு அற்பம்!

"கவலைப்படாதீங்க டீச்சர்" என்றேன்.

பிறகு ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் விசாரித்தேன். பீங்கானின் கண்ணாடி மெருகுக்கு மேலே தீட்டும் வர்ணம் அது, புளிப்பும் தேய்ப்பும் தாங்காது. வெதுவெதுப்பான தண்ணீரும் விரல் நுனியும் போதும். சந்தேகம் இருந்தால் தொடாமல் விடுவதே மேல் என்றார். அதைத் திருத்தமாகவாவது வெளியிட்டிருக்கலாம். அதற்கும் நாலு வரிதான் ஆகியிருக்கும். வெளியிடவில்லை.

அடுத்த மாதம் டீச்சர் கணவருடைய ஆன்மாவுக்காக மாதா கோயிலில் பூசை வைத்தார். மரணச் சேதி எங்கிருந்தும் வந்திருக்கவில்லை! கடைசி வரிசையில் நின்றேன். அங்கும் வாய் திறக்கவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது. மலாயாவிலிருந்து கப்பல்கள் ஆட்களை இறக்குகின்றன. இறங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் எது கைக்குக் கிடைத்தாலும் விரல் வைத்து, வரி வரியாகத் தேடுகிறேன்.

சனிக்கிழமைகளில் டீச்சர் எங்கள் வாசலைக் கடந்துதான் போகிறார். வணக்கம் சொல்கிறார்.

சேதி கேட்பதில்லை.