நின்ற வண்டிக்குக் காவல் இருந்த என் மகள்

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வழக்கமான பள்ளிக்கூட வேனுக்குப் பதிலாக வேறொரு வேன் எங்கள் சங்ககிரி நிறுத்தத்தில் வந்து நின்றது. எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் ஜெனி மட்டும் இறங்கவில்லை.

எங்கள் வேன் டிரைவரும் அதிலிருந்துதான் இறங்கினார். பைபாஸில் வண்டி பழுதாகி நின்றுவிட்டதாம். பின்னால் வந்த வேனில் பிள்ளைகளை மாற்றி, மெக்கானிக்கைக் கூட்டிப்போக அவரும் ஏறி வந்திருக்கிறார். "ஐயோ, எல்லாரும் ஏறிட்டாங்கன்னு நெனச்சனுங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு, யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு பறந்தார்.

லாரிகள் ஓயாமல் பறக்கும் ரோடு அது. லாரி டிரைவரான என் வீட்டுக்காரர் லோடு ஏற்றி நாக்பூர் பக்கம் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. அங்கேயே மண்ணில் முழங்காலில் விழுந்தேன். மனப்பாடமான செபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "ஆண்டவரே, நான் போய்ச் சேருவதற்குள் அவள் பக்கத்தில் யாரையாவது நிறுத்தும். காணாமல் போனதைத் தேடித் தரும் அந்தோணியாரே, என் தங்கத்தைத் தேடிக் கொடும்" என்று அழுதேன்.

எழுந்து நிற்பதற்குள் போன் அடித்தது. தெரியாத எண்.

"ஏனுங்க, ஜெனியோட அம்மாங்களா? நான் திருச்செங்கோட்டு லாரி டிரைவருங்க. புள்ள கழுத்துக் கார்டுல நம்பர் இருந்துச்சு. பத்தரமா இருக்குதுங்க. ஆனா வேனை உட்டு வரமாட்டேங்குது!"

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மா, நின்ன வண்டியத் தனியா உட்டுட்டு வரக்கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காருல்ல? டிரைவர் மாமாவும் கெளம்பறேன்னாரு. அதான் சீட்டுக்கடியில ஒளிஞ்சுக்கிட்டேன். நான் காவலுக்கு இருக்கறேன்."

வீட்டுக்கு வந்தால் அப்பன் சொல்லும் கதையெல்லாம் இதுதான். லாரி வழியில் நின்றுவிட்டால் மெக்கானிக் வரும்வரை டிரைவரோ கிளீனரோ அதைவிட்டு நகரமாட்டார்கள். சமைப்பது, தூங்குவது எல்லாம் வண்டியோடுதான். இந்தப் பொடிசு அதை வேதவாக்காய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆட்டோ பிடித்து நான் போனபோது, அந்த அண்ணன் தன் லாரியை வேனுக்குப் பின்னால் அணைவாக நிறுத்தி, பின்னால் வரும் வண்டிகள் பார்த்து ஒதுங்கிப்போக ரோட்டில் வேப்பங்கிளை ஒடித்துப் போட்டிருந்தார். ஜெனி வேன் படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். எங்கள் வேன் டிரைவர் ஓரமாய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். இரண்டு அடி போடலாம் என்று தோன்றியது, கை வரவில்லை.

"இங்க நிறுத்தோணும்னு எப்படிண்ணா தோணுச்சு?" என்று கேட்டேன்.

"நின்ன வண்டியப் பாத்துட்டு எப்படீங்க தாண்டிப் போறது? எறங்கிப் பாத்தா, இந்தச் சாமி தலைய நீட்டி, 'மெக்கானிக்குங்களா?'ன்னு கேக்குது!"

இப்போதெல்லாம் தலையை எண்ணாமல் எங்கள் வேன் நகர்வதில்லை. "வண்டிக்குக் காவல் பெரியவங்க, புள்ளைக மொதல்ல வீட்டுக்குப் போவோணும்" என்று அவள் அப்பாவும் புதுச் சட்டம் போட்டுவிட்டார். லாரி ஹாரன் கேட்டாலே எரிச்சல்படும் நான், இன்று அந்தச் சத்தம் கேட்டால் அந்த டிரைவருக்காகச் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.

பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும் தாய்மார்களே, தைரியமாய்க் கேளுங்கள். வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள். சீட்டுக்கடியில் ஜெனியும் செபித்தாளாம்: "இயேசப்பா, வேனுக்கு யாராச்சும் அனுப்புங்க." நான் பிள்ளைக்குத் துணை கேட்டேன். அவள் வண்டிக்குத் துணை கேட்டாள். ஆண்டவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆளை அனுப்பினார்.