கையுறையோடு தேர்ந்த தூண்டில் தடி

கனடாவின் ஸ்காபரோவில் தூண்டில் சாமான் விற்கும் கடையொன்றில் நிற்கிறேன். பாரிஸிலிருந்து நான் கொண்டுவந்த கையுறை இந்தக் குளிருக்குக் காணாது. என்னைக் கூட்டிவந்திருக்கும் அந்தோனி அண்ணை மன்னாரில் மீன்பிடித்தவர். அகதியாக வந்து மூன்று வருடம், இப்போது தொழிற்சாலை வேலை. போன ஞாயிறு, உறைந்த ஏரியில் துளை போட்டு, ஊர்ப் பழக்கத்தில் தங்கூசி நூலை வெறும் விரலில் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். விரல் விறைத்துப்போனதில், பெரிய வோல்ஐ மீன் கடித்ததே தெரியவில்லை. நூலையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"இந்தமுறை விடமாட்டன்" என்கிறார்.

பனிக்கட்டிமேல் இருந்து பிடிக்கும் தடிகள் கை நீளந்தான். தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தடியிலும் பூட்டியிருக்கும் நூல் ரீலைச் சுற்றிப் பார்க்கிறார். கைப்பிடி வழுக்கும் ரீல்களை ஒதுக்குகிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நூல் நுனியை என்னிடம் நீட்டுகிறார்.

"மெல்லமாச் சுண்டிப் பாரும், தம்பி."

மொத்தமான, வளையாத தடியில் நான் சுண்டுவது அவருக்குத் தெரியவில்லை. மெல்லிய தடி சின்னப் பேர்ச் மீனுக்குச் சரி, வோல்ஐக்குத் தாங்காது. தடியின் நுனி ஆடுவதைப் பார்த்தால் போதுமே என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் சொல்கிறார்.

அண்ணை என் பக்கம் திரும்புகிறார். "கண்ணாலை பாத்துப் பிடிக்கிறதெண்டால் மீன்கடைக்கே போகலாம்."

ஏழாவது தடி நடுத்தரம். நகத்தால் நூலைத் தொடுகிறேன்.

"ஓம், தெரியுது" என்கிறார் அண்ணை.

அவரைச் சோதிக்க, அடுத்தமுறை சுண்டாமல் நூலைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"உம்மடை கை நடுங்குது, தம்பி" என்கிறார், கண் திறக்காமலே. "இதையே எடுப்பம்."